ஏழு ஒன்றுகள்

அறுபதுகளின் கடைசியில், கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணமாகிவிட்டது. காரைக்குடியில் புகுந்த வீடு. மாமனார், மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவி, தன் புருஷனைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட, கணவரின் அக்காவான மதினி, நாங்கள் இருவர் என்று ஏழு பேர்.

படிப்பை விட்ட வாரம் வகுப்பில் ஒரு கேள்வி வந்திருந்தது. ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண், 1111111, பகா எண்ணா? விடை சொல்லும் நாளில் நான் அங்கே இல்லை. ஏழால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்று ஆசிரியர் சொன்னது நினைவிருந்தது. புகை படிந்த அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எண்ணை எழுதி, சமைக்கிற நேரத்தில் வகுத்துப் பார்த்தேன். 29 வகுக்கவில்லை, அடித்தேன். 43, 71, அவற்றையும் அடித்தேன்.

அந்தச் சமயம் மாமனார் காய்ச்சலில் படுத்தார். ஒரு காலையில் அந்த எண்ணின் மேல் திருநீறு அப்பியிருந்தது. மதினி வாசலில் நின்றார்.

"இதுல நான் எந்தக் கோடு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வீட்டுல ஏழு பேரு. ஏழு கோடு போட்டுக் கீழ ஒண்ணொண்ணா அடிச்சுக்கிட்டே வர்றே. அப்பாவுக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது."

"மதினி, இது கணக்கு. எதாலயாச்சும் மிச்சமில்லாம வகுபடுதான்னு பாக்குறேன்."

"அப்ப என் கண்ணு முன்னால போடு."

போட்டேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தார். 113, 127, 197, 211. மிச்சம் நின்ற ஒவ்வொரு முறையும் அவர் முகம் இறுகியது. 239-இல் மிச்சமே இல்லை. 4649 வந்தது. சந்தோஷத்தில் இரண்டு எண்களையும் சுற்றி வட்டம் போட்டேன்.

"இப்ப என்ன ஆச்சு?"

"ரெண்டாப் பிரிஞ்சிருச்சு மதினி. 239-ஐ 4649-ஆல பெருக்குனா ஏழு ஒண்ணும் திரும்ப வந்துரும்."

"பிரிஞ்சிருச்சா?" என்றார். ஈரத்துணியை எடுத்துவந்து சுவரை அழுந்தத் துடைத்தார். நான் தடுக்கவில்லை.

மாமனார் தேறி எழுந்துவிட்டார். ஆனால் அதே வருடம் கணவருக்குத் திருப்பத்தூருக்கு மாற்றலாகி, நாங்கள் தனிக்குடித்தனம் போக வேண்டியதாயிற்று. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது மதினி என் கணவரிடம், "இது அன்னைக்கே எனக்குத் தெரியும்டா" என்றார். கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாற்றல் உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது என்று நான் மதினியிடம் வாதாடிப் பார்த்தேன்.

"ஆமா, உனக்கு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும்" என்றார்.

பிறகு ஒரு தடவை மதினி திருப்பத்தூர் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். "நீ மொதல்ல குடி" என்றார். நான் பாதி டம்ளர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தன்னுடையதை எடுத்தார்.