பெய்ரூத்தும் எங்கள் தேக்சாக்களும்

புதினாவும் விறகுப் புகையும் கலந்த வாசனை ஏரிக்காற்றோடு தெருவுக்குள் நுழைந்தால், பழவேற்காட்டில் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி வந்துவிட்டது என்று பொருள். ஊரார் "தேக்சா" என்று சொல்லும் பெரிய செம்புப் பாத்திரங்களில் ஆட்டுக்கறிச் சோறு வெந்து, எங்கள் தெருவுக்கு ஆறு, தேவாலயத் தெருவுக்கு இரண்டு, மீனவர் குப்பத்துக்கு இரண்டு என்று, என் பாட்டனார் காலத்துப் பட்டியல்படி போய்ச் சேரும். 1958இல் எனக்குப் பத்து வயது. கந்தூரிக் கமிட்டியில் இருந்த வாப்பா, என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால், அந்தப் பட்டியலைப் புதுத் தாளில் படியெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

அதே வாரம்தான் லெபனானின் தலைநகர் பெய்ரூத்தில் அமெரிக்கப் படை இறங்கியது. வாப்பாவின் ஜவுளிக் கடையில் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தவர்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மதத்துக்காக வெட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பிற்பாடு கல்லூரியில் படித்தபோதுதான் மீதிக் காரணங்கள் தெரிந்தன. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எடுத்த பழைய தலைக்கணக்கை வைத்து, நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஆறு இடம் என்றால் முஸ்லிம்களுக்கு ஐந்து என்றும், குடியரசுத் தலைவர் இந்தப் பிரிவு, பிரதமர் அந்தப் பிரிவு என்றும் பங்கு பிரித்திருந்தார்கள். காலம் போய் விகிதம் மாறியிருக்கும் என்று பலருக்கும் தோன்றிய பிறகும் மறுபடி எண்ண யாரும் துணியவில்லை. அதன்மேல், தலைவர் பதவியை விடமாட்டார் என்ற சந்தேகமும், ஒரு சாரார் எகிப்தையும் மறுசாரார் மேற்கு நாடுகளையும் துணைக்கு நம்பியதும் சேர்ந்துகொண்டன.

நான் படியெடுத்த பட்டியலில் குப்பத்துக்கு இருபது வீடுகள். என் வகுப்புத் தோழி பொன்னி அங்கேதான் இருந்தாள்; அவளோடு சுற்றித் திரிந்தபோது நானே எண்ணியதில் ஐம்பத்திரண்டு. வாப்பாவிடம் சொன்னேன்.

"பட்டியல்ல இருக்கிறத எழுதும்மா. எண்ண ஆரம்பிச்சா சண்டை வரும்" என்றார். இருந்ததையே எழுதினேன்.

கந்தூரியன்று மதியம், பொன்னி "நைனா" என்று கூப்பிடும் அவள் அப்பா ஏழுமலை, நாலைந்து பேரோடு, மூடி திறக்காத இரண்டு தேக்சாவையும் தூக்கி வந்து சமையல் பந்தலில் வைத்தார். எங்கள் தெரு இளவட்டம் ஒருவர், "சோத்துக்கு வந்துக்கினு இன்னா ரோஷம் பாரு" என்றதும், பின்னால் நின்ற குப்பத்தாரின் கையில் படகுத் துடுப்புகள் உயர்ந்தன. ஏழுமலை அவர்களைக் கையமர்த்திவிட்டு வாப்பாவைப் பார்த்தார்.

"சோறு பத்தலன்னு வர்ல, பாய். பாதி ஊடு உங்க கணக்குலயே இல்ல. இல்லாதவன் எப்டி துன்னுவான்?"

"அம்பத்திரண்டு வீடு, வாப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று உறைத்தது.

 வாப்பா எங்கள் தெருவின் ஆறில் இரண்டைக் குப்பத்துக்குச் சேர்த்துத் தூக்கச் சொன்னார். துடுப்புகள் இறங்கின. எங்கள் தெருவில் சில வீடுகளுக்கு அன்று அரைத்தட்டுச் சோறுதான். எங்கள் வீடும் அதில் ஒன்று. மறு ஆண்டு கமிட்டியில் வாப்பாவை யாரும் சேர்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமோ என்று உம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் என் தலையை வாரிக்கொண்டே இருப்பார்.

இப்போது, 1975இல், மீஞ்சூரில் இருக்கிறேன். பெய்ரூத்தில் மறுபடியும், முன்னைவிடப் பெரிதாக, போர் மூண்டிருக்கிறது. இம்முறை பாலஸ்தீன அகதிகளும் ஆயுதங்களும் சேர்ந்திருந்தாலும், அடியில் கிடப்பது அதே பழைய கணக்குதான். ரேடியோவைக் கேட்டுவிட்டு, ஏன் சண்டை போடுகிறார்கள் என்று மகன் கேட்கிறான். ஆறு வயதுக் குழந்தையிடம் இதையெல்லாம் சொல்லலாமா, பயந்துவிடுவானா என்று தயங்கினேன். ஆனால் காரணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. மதம் வேறாக இருப்பதால் மட்டும் ஓர் ஊர் எரிந்துவிடாது. கூடுதல் பங்கு வைத்திருப்பவர்கள், எண்ணினால் ஒரு பாத்திரம் குறையுமே என்று அஞ்சினால் எரியும். அப்படியே அவனிடம் சொன்னேன்.

பழவேற்காட்டுக் கந்தூரியில் இப்போது எந்தத் தெருவுக்கும் தேக்சா போவதில்லை. வந்தவர் கையில் இலைப் பொட்டலம், பட்டியலுக்கு வேலையில்லை. குப்பத்திலிருந்து யாரும் வருவதில்லை, சண்டை போடக்கூட.