எதுகையோடு வந்த சாட்சி

தும்பாலன் பேரூரில் ஸ்பெயின்காரனின் கொடி ஒரே ஒரு முறைதான் இறங்கியது. ஆனால் இரண்டு இடங்களில் இறங்கியது. பேரூருக்குள் அடங்கிய புலாக் ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆற்றங்கரை மாமரத்தடியில் என்பார்கள். தினாகோங் ஊர்க்காரர்களைக் கேட்டால், அந்த மாமரம் அப்போது விதையாகக்கூட இல்லை, கொடி இறங்கியது எங்கள் காவல் மேட்டில் என்பார்கள். 1898இல் நடந்த சங்கதி. அன்றைக்கு ஸ்பெயின்காரனோடு சண்டை முடிந்தது. இந்தச் சண்டை முடியவில்லை.

இதைத் தீர்த்துவைக்கும் வேலை பெர்பெத்துவா கபாசாவின் தலையில் விழுந்தது. உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியை. ஊருக்குப் பெப்பெங் டீச்சர். தலைநகரிலிருந்து ஒரு நினைவுத் தகடு வரப்போகிறது, ஒரே ஒரு தகடு, எந்த ஊரில் நடுவது என்று எழுதிக் கொடுங்கள் என்றது பேரூராட்சி. தகடு வரும் ஊருக்குத் தார்ச்சாலையும் வரும் என்று பேச்சு. மந்திரி வந்து திரை விலக்க வேண்டும் அல்லவா, அவர் காலில் சேறு படலாமா?

பெப்பெங் பிறந்தது புலாக்கில், வாழ்க்கைப்பட்டது புலாக்கில். ஆகவே புலாக் நிம்மதியாகத் தூங்கியது. அதுதான் அவர்கள் செய்த முதல் தப்பு.

அவளைத் தெரிந்தவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். "யார் சொன்னது? எப்போ சொன்னாங்க? அவங்க அங்க இருந்தாங்களா?" இந்த மூன்று கேள்வியைக் கேட்காமல் அவள் மீன்கூட வாங்கியதில்லை. காலையில் பிடித்த மீன் என்று சொன்ன கடைக்காரி, படகுக்காரனின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் பை திறக்கும். இளம் வயதில் தியோ கபாசா அவளிடம் வந்து, "உனக்கு என்மேல ஒரு இதுன்னு ஊரெல்லாம் பேசிக்குறாங்க" என்று இழுத்தபோது, "யாரு பேசுனது? ரெண்டு பேர் பேரு சொல்லு" என்றாளாம். தியோவால் ஒரு பெயர்தான் சொல்ல முடிந்தது. அது அவருடைய பெயர். அந்த நேர்மைக்காகவே கட்டிக்கொண்டேன் என்பாள்.

அந்தத் தியோதான் புலாக்கின் கபித்தான் பால்டொமேரோ. அதாவது, வருஷா வருஷம் திருவிழாவில் நடக்கும் செய்யுள் நாடகத்தில், கொடியை இறக்கிய வீரனாக வெள்ளைக் குதிரைமேல் வருகிறவர். அவருக்கு முன் அவருடைய அப்பா வந்தார். தினாகோங்கிலும் அதே நாடகம் உண்டு, அங்கேயும் ஒரு பால்டொமேரோ, அங்கேயும் ஒரு வெள்ளைக் குதிரை. ஒரு வருஷம் இரண்டு ஊருக்கும் ஒரே குதிரைதான் கிடைத்தது. அந்த வருஷம் கபித்தான் புலாக்கில் காலையிலும் தினாகோங்கில் மாலையிலும் புரட்சி செய்தார்.

பெப்பெங் வேலையைத் தொடங்கினாள். கையில் மூன்று விதமான சாட்சி இருந்தது. ஒன்று, ஊரைவிட்டு ஓடிய ஸ்பெயின்காரப் பாதிரியார் தன் மேலிடத்துக்கு எழுதியது. ஓடினவர் ஓடியதற்கு நியாயம் சொல்லாமல் என்ன செய்வார். 'ஆயிரக்கணக்கான காட்டுமிராண்டிகள்' என்று எழுதியிருந்தார். தும்பாலனில் அப்போது ஆயிரக்கணக்கில் கோழிகூடக் கிடையாது. இரண்டு, கிழவனான பிறகு கபித்தான் பால்டொமேரோ ஓய்வூதியம் கேட்டுக் கொடுத்த வாக்குமூலம். அவருக்கும் பெருமை அடிக்கக் காரணம் இருந்தது. ஆனால் பெருமைக்கு நடுவே ஒரு வரி: அன்றைக்கு முழங்காலில் சிலந்திக் கட்டி, என்னைத் தொட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெப்பெங் அந்த வரியை விடவில்லை. வீரன் என்று காட்ட வந்த மனிதன், தன்னைத் தொட்டிலில் தூக்கியதாக எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"கட்டியா?" என்றார் தியோ. முகம் வெளுத்துவிட்டது. "அப்ப குதிரை?"

"குதிரை பத்தி அவரு பேசவே இல்ல."

"மறந்திருப்பாரு."

"கட்டி ஞாபகம் இருக்கு, குதிரை மறந்துபோச்சா?"

ஒருவரையொருவர் வெறுத்த பாதிரியாரும் கபித்தானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கொடி இறங்கியது, ஊர் மக்கள் இறக்கினார்கள், தும்பாலனில். அவ்வளவுதான். தும்பாலனில் எங்கே என்று இருவருமே சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது மூன்றாவது சாட்சி. இரண்டு ஊரும் நம்பியிருந்தது அதைத்தான். எழுபதுகளில் பள்ளிக்கூடத்தார் ஒலிநாடாவில் பிடித்துவைத்த கிழவர் கிழவிகளின் குரல்கள். சம்பவத்தின்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். பெப்பெங் சமையலறையில் உட்கார்ந்து கேட்டாள். புலாக் கிழவி மாமரம் என்றாள், தினாகோங் கிழவர் மேடு என்றார். இருவரும் வெள்ளைக் குதிரை என்றார்கள். இருவரும் சிவப்பு இடைக்கச்சை என்றார்கள். கொடி இறங்கும் கட்டம் வந்ததும் இருவருடைய பேச்சும் லேசாக ஆட ஆரம்பித்தது, தொட்டில் மாதிரி.

அவள் நாடாவை நிறுத்தித் திரும்ப ஓட்டினாள். மறுபடி கேட்டாள். பிறகு அரிசி அடுப்பில் கருகுவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தாள். சாட்சிகள் எதுகை மோனையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் வெளியே கசிந்தது. புலாக்கின் தலைவர் நொனித்தோ ஒரு தட்டு பன்சித் சேமியாவோடு வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான் ஞானத்தாய். ஊர்ல பாதிப் பேருக்கு நீங்கதான். இது எல்லாருக்கும் தெரியும்."

"சந்தோஷம், கேப்," என்றாள். ஊர்த்தலைவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மாமரம்னு ஒரு வார்த்தை. எழுதிட்டா முடிஞ்சுது. மழைக்காலத்துல நம்ம பிள்ளைத்தாச்சிங்க சேத்துல மாட்டிக்கிறாங்களா இல்லையா?"

"மாட்டிக்கிறாங்க. அது நானே பாத்தது. அதுக்குச் சாட்சி சொல்றேன், எங்க கூப்பிட்டாலும் வரேன். ரோடு வேணும்னா ரோடு கேளுங்க. பால்டொமேரோவை எதுக்கு இழுக்குறீங்க?"

"எழுதலேன்னா உங்களை இனி ஒருத்தரும் ஞானத்தாயா கூப்பிட மாட்டாங்க. நான் மிரட்டல. சொல்றேன்."

"யார் சொன்னது?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். சொன்னவர் எதிரிலேயே இருந்தார், அவளுடைய மூன்று கேள்விக்கும் அதுவே பதில். நம்பத்தக்க சாட்சி. பன்சித்தைச் சாப்பிட்டாள். வீம்புக்கும் சேமியாவுக்கும் சம்பந்தம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூடைப்பந்து மைதானக் கூரையின் கீழ் கூட்டம். ஒரு பக்கம் புலாக், மறுபக்கம் தினாகோங். நடுவில் ஆட்டம் நடக்காத குறைதான். தினாகோங்கின் தலைவி செனைதா முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"தீர்ப்பு முன்னாலயே எழுதியாச்சாமே. புருஷன் குதிரைக்குப் புல்லு போடணும்ல," என்றார், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும்.

பெப்பெங் ஒலிநாடாவை மைக் முன் வைத்தாள். "இது புலாக் பாட்டி சொன்ன சாட்சி. கேளுங்க."

கரகரவென்று கிழவியின் குரல் எழுந்தது. மாமரம், மேகம், குதிரை. பிறகு:

"இறக்கடா அந்தக் கொடியை, இனி இல்லை உன் ஆட்டம்..."

பெப்பெங் நாடாவை நிறுத்தினாள்.

தினாகோங் பக்கமிருந்து, யாரும் கேட்காமலே, நூறு வாய் ஒன்றாகத் திறந்தது:

"பறக்கட்டும் எங்கள் துணி, பாரடா மக்கள் கூட்டம்."

புலாக்கும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல், குதிரைமேல் இருந்து சொல்வதுபோல், கை உயர்த்தி. தியோ. சொல்லி முடித்த பிறகுதான் தான் எழுந்து நின்றிருப்பது அவருக்குத் தெரிந்தது. மெதுவாக உட்கார்ந்தார்.



"அந்தப் பாட்டிக்கு நாடகம் தெரியும்," என்றாள் பெப்பெங். "தாத்தாவுக்கும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல நாடகம் ஆரம்பிச்சதுலேர்ந்து வருஷா வருஷம் பாத்திருக்காங்க. பாத்தது உண்மைதான். எதைப் பாத்தாங்கங்கிறதுதான் கேள்வி."

நொனித்தோ விடுவாரா? எழுந்தார். "நடந்ததைப் பாத்துத்தானே நாடகம் எழுதியிருப்பான்? எழுதினவன் எவங்கிட்டயாவது கேட்டுத்தானே எழுதியிருப்பான்?"

நல்ல கேள்வி. பெப்பெங்குக்கு அவர்மேல் மதிப்பு ஒரு படி ஏறியது. "இருக்கலாம், கேப். மாமரமா கூட இருக்கலாம். மேடா கூட இருக்கலாம். ஆனா இரும்புத் தகட்டுல 'இருக்கலாம்'னு வார்க்க மாட்டாங்க. நாடகத்துக்கு முன்னாடி சொன்ன ஒரே ஒரு ஆளைக் கொண்டாங்க, இந்த நிமிஷம் எழுதுறேன்."

நொனித்தோ உட்கார்ந்தார்.

"அப்ப எங்க சனங்க பொய் சொல்றாங்களா?" என்றார் செனைதா. விசிறி நின்றிருந்தது.

"இல்ல மானாங். பொய் சொல்றவன் இவ்வளவு அழகா சொல்ல மாட்டான்," என்றாள் பெப்பெங், அக்காவுக்கான மரியாதை குறையாமல்.

சிலர் சிரித்தார்கள். சிரித்தது தப்பு என்று உணர்ந்து நிறுத்தினார்கள். தீர்மானத் தாள் அவள் முன் நகர்ந்து வந்தது. எல்லாம் தட்டச்சு செய்திருந்தது, இடத்தின் பெயர் மட்டும் விட்டிருந்தது.

"காலியா விடக்கூடாது டீச்சர்," என்றார் நொனித்தோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

பெப்பெங் எழுதினாள்: தும்பாலன். அதற்குக் கீழே: ஊருக்குள் எந்த இடம் என்பது இதுவரை தெரியவில்லை. கையெழுத்தும் போட்டாள். வழக்கத்தைவிடப் பெரிதாக.

கூச்சல் எழுந்தது. இரண்டு ஊரும் ஒரே சொற்களால் அவளைத் திட்டின. நாடகத்துக்கு வெளியே அவை ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான். நொனித்தோ வாசலில் அவளைக் கடந்தபோது, தன் மகளின் கல்யாணத்துக்கு வேறு ஞானத்தாய் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "நல்லா நடக்கட்டும் கேப்," என்றாள்.  அந்தப் பெண்ணுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

தியோ காத்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் முன்னாலேயே போய்விட்டது. பெப்பெங் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தாள். நாளைக்கே சாலைக்கு ஒரு மனு எழுத வேண்டும், புரட்சி இல்லாமல், பிள்ளைத்தாய்ச்சிகளை வைத்து. முதல் கையெழுத்து தன்னுடையது, இரண்டாவது நொனித்தோவுடையது. அவர் எத்தனை கோபத்தில் இருந்தாலும் போட வேண்டியதுதான்.

வளைவில் தியோ வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.  

"நான் தப்பா சொன்னேனா?" என்றாள்.

"தப்பில்ல." கைப்பிடியைத் துடைத்தார், அது சுத்தமாகவே இருந்தது. "எல்லார் முன்னாலயும் நானே எந்திரிச்சு..."

"உன் குரல்தான் நல்லா இருந்துச்சு."

 அவர் கேட்டார். "அந்த வசனத்தை எனக்கு அப்பா சொல்லிக் கொடுத்தாரு. அப்பாவுக்கு யாரு சொன்னது?"

பெப்பெங் அவரை நிமிர்ந்து பார்த்தாள். செருப்பை வண்டியின் கூடையில் போட்டாள்.

"உங்க பெரியப்பா இன்னும் முழிச்சிருப்பாரு, அவரைக் கேப்போம். வண்டியை அந்தப் பக்கம் திருப்பு," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.