மரகதம் அக்காவுக்குப் பெரிதாகிப்போன செருப்பு

தீபாவளிக்கு முந்திய வாரம் பூனாகலைத் தோட்டத்திலிருந்து மரகதம் அக்காவின் மகன் குமார் வந்தான். கையில் வழக்கமான கால் வரைந்த தாள் இல்லை. "அம்மாவோட கால் எங்கடா?" என்று வாய்க்கொழுப்பாகக் கேட்டுவைத்தேன். நெஞ்சுவலியில் அம்மா போய் எட்டு நாளாச்சு என்றான். ஏன்தான் அப்படிக் கேட்டேனோ என்று இன்னும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பண்டாரவளைக்கு வர நேரமில்லாத தோட்டத்துச் சனம், தாளில் கால் வைத்து வரைந்து என் கடைக்கு அனுப்பும். அந்த அளவுக்குச் செருப்புக் கொடுத்துவிடுவேன். பிள்ளைமடுவத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மரகதம் அக்காவும் அப்படித்தான். அவரிடம் வளர்ந்து இப்போது இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தக் கையின் அகலம் நினைவிருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி அவர் கால் நம்பர் கூடிக்கொண்டே போனது. நாற்பது வயசுக்குமேல் கால் வளருமா? பழைய தாள்களை நான் எறிவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வளர்ந்துதான் இருந்தது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

மூளைக்கு அடியில் பயறளவு ஒரு சுரப்பியாம், பெயர் பிட்யூட்டரி. அதில் கட்டி. உடம்பை வளர்க்கும் சுரப்பு கட்டுப்பாடில்லாமல் வந்திருக்கிறது. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தும் கொஞ்சம் மிச்சம். அதற்குக் கதிர் சிகிச்சை.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. கத்தியும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் கதிர் என்ன செய்யும்? சுட்டதா? அக்காவைக் குடைந்தெடுத்தேன். தலை அசையாதிருக்க, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அமுக்கி ஒரு மூடி செய்தார்களாம். ஆறு வாரம், கதிர் வைக்கும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். சூடும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் கட்டி அடங்க வருஷக்கணக்காகலாம், வளர்ந்த எலும்பு சுருங்காது, மேலும் வளராமல் நின்றால் போதும் என்றாராம் டாக்டர். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள்தான். அக்காவுக்கு நம்பிக்கை என்னிடம்.

"நின்னுச்சா இல்லையான்னு ஒங்க செருப்புதான் மொதலாளி சொல்லணும்."

அடுத்த தீபாவளிக்கு அரை நம்பர் கூடியது. மறுவருஷமும் கூடியது. எனக்கே வெறுத்துப்போனது. மூன்றாம் வருஷம் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். தாளைச் சரியாகப் பார்க்காமல், எப்படியும் கூடியிருக்கும் என்று பெரிய நம்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் அக்காவே பஸ் ஏறி வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினார். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் இடம் இருந்தது.

"பெருசா இருக்கு மொதலாளி," என்றார். கண் நிறைந்திருந்தது. "போன வருச நம்பரே குடுங்க."

அந்தப் பெரிய சோடியை நான் விற்கவில்லை. இன்னும் பெட்டியோடு மேல் தட்டில் இருக்கிறது. குமாருக்கும் எடுத்துக் காட்டினேன். கடைசிவரை அந்த நம்பர் அவன் அம்மாவுக்குத் தேவைப்படவே இல்லை.