முதலில் வந்த சீற்

பெட்டியைப் பிரித்ததும் புது ரெக்சின் மணம் கனடாவில் எங்கள் யூனியன்வில் வீட்டுக் கராஜை நிறைத்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலைப் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டி உருவாக்க இரண்டு வருடமாகத் திட்டம் போடுகிறேன். எந்த மாடல் என்றே இன்னும் முடிவாகவில்லை. சீற் மட்டும் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அப்பாவும் இப்படித்தான். பழைய பாகங்கள் சேர்த்துக் கார் பூட்டுவதாகச் சொல்லி, முதலில் சீற்றை வாங்கிச் சிவப்பு ரெக்சின் தைப்பித்தார். வீட்டு ஹோலில் கிடந்த அதில் விருந்தாளிகள் மட்டுமே ஏறி இருக்கலாம். நாங்கள் களவாக இருந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும்.

“எஞ்சின் எங்கையப்பா?” என்று அம்மா கேட்பா.

“வரும்.”

வரவேயில்லை. எனக்கு அவர்மேல் அப்படியொரு எரிச்சல்.

மனைவி கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள். “எஞ்சின் எங்கை?”

“வரும்.”

“அப்ப உந்தச் சீற்றை ஹோலுக்கை கொண்டந்து போடுங்கோ. சனிக்கிழமை ஆக்கள் வருகினம்.”