முதுகைப் பார்த்துக் கயிறு பிடித்தவர்கள்

அறுபத்து நாலாம் வருஷம், மாசி மாதம். செஞ்சியில், கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கப் போகிறவர்களுக்கான பயிற்சி வகுப்பில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிவில் டிப்ளமோ படித்தவள் நான். ஆனாலும் அஸ்திவாரம், கான்கிரீட் எல்லாம் மற்ற ஆசிரியர்களுக்குப் போய்விட்டன. வேலையாட்கள் முன்னால் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்ற பாடம் யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது. அது எனக்கு வந்தது.

எதையும் பட்டியல் போட்டே பழகியவள் நான். பதினொரு விதிகள் எழுதினேன். இடுப்பில் கை வைத்து நிற்காதே. இடது கையால் சுட்டிக் காட்டாதே. 'ஏய்' என்று கூப்பிடாதே. பெயரைக் கேட்டு வைத்துக்கொள். ஏழாவது, ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசாதே; திரும்பி, முகம் பார்த்துப் பேசு. மாணவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். "நிக்கறதுக்கே இவ்ளோ இருக்குதுன்னா, ஒக்கார்றதுக்கு எத்தினி இருக்கும் டீச்சர்?" என்று ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் பட்டியல் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

செய்முறைக்காக, வல்லம் போகும் வழியில் ஓடைக்குக் கட்டிக்கொண்டிருந்த சின்னப் பாலத்துக்கு அவர்களை அழைத்துப் போனேன். பாலத்துக்கான கற்பலகைகளை உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, மண் சரிவில் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். சரிவின் உச்சியில் பன்னிரண்டு பேர் வடம் பிடித்தார்கள். அவர்களுக்கும் கல்லுக்கும் நடுவே, கல்லைப் பார்த்தபடி மேஸ்திரி நின்றார். அவர் கை உயர்ந்தால் இழுப்பார்கள். தாழ்ந்தால் அப்படியே பிடித்து நிற்பார்கள். ஒவ்வொரு முறை கல் நின்றதும், கீழ்ப்பக்கம் இருக்கும் ஒரு பெண் குனிந்து, கல் பின்னால் வழுக்காதபடி ஒரு மரக்கட்டையைச் செருகுவாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

ஒரே ஒரு கல்லுக்கு என் மாணவர் ஒருவர் மேஸ்திரியின் இடத்தில் நிற்கட்டுமா என்று கேட்டேன். மேஸ்திரி சம்மதித்தார். கையை எப்படிக் காட்டுவது என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். நான் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் நின்றேன்.

இரண்டு முறை கல் ஒழுங்காக ஏறியது. மூன்றாம் முறை அது நின்றதும், அந்தப் பெண் கட்டையோடு குனிந்தாள். மாணவருக்கு ஏழாவது விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பி, ஆட்களின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "நல்லா இழுத்தீங்க" என்றார். நான் ஏழுக்கு நேரே ஒரு டிக் போட்டேன்.

வடம் தொய்ந்தது. உருளைக் கட்டை ஒன்று முனகியது. கல் கீழ்நோக்கி நகர்ந்தது.

யாரும் கத்தவில்லை. மேஸ்திரி ஒரே தாவலில் மாணவரை இடித்துத் தள்ளி அந்த இடத்தில் போய், ஆட்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவ்வளவுதான் செய்தார். பன்னிரண்டு பேரும் ஒரே உடம்பு போலப் பின்னால் சாய்ந்தார்கள். வடம் விறைத்தது. குனிந்திருந்தவளின் தோளுக்குச் சாண் அளவில் கல் நின்றது. அவள் கட்டையைச் செருகினாள், கையால் தட்டிப் பார்த்தாள், பிறகுதான் நிமிர்ந்தாள். அதைப் பார்த்த பிறகே மேஸ்திரி முகத்தைத் திருப்பினார். வடம் தரையில் விழுந்தது.

"இன்னா தம்பி, நீ பல்லக் காட்டுன, கல்லு எம் மேல வந்துடுச்சு" என்றாள் அவள். "மேஸ்திரி மூஞ்சியத் திருப்புனா கட்டை வெச்சாச்சுன்னு அர்த்தம். வடத்த வுட்ருவாங்க."

"அவர் மேல தப்பில்ல. நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

மேஸ்திரியிடம், ஏன் ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று கேட்டேன். "கத்தினா இன்னான்னு பாப்பாங்கமா. பாத்துட்டு அப்பறம் புடிப்பாங்க. அதுக்குள்ள கல்லு போயிடும்" என்றார். திரும்பக் கூடாது என்று முன்பே சொல்லவில்லையே என்றேன். "கல்லு ஏறுறப்ப யாராச்சும் திரும்புவாங்களா?" என்று வியப்போடு என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, அடுத்த கட்டைய நீங்க வையுங்க, பாக்கலாம்" என்று அந்தப் பெண் சீண்டினாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் நோட்டைக் கீழே வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். அவள் என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். மேஸ்திரி கை உயர்த்த, கல் கொஞ்சம் ஏறி என் முன் நின்றது. குனிந்த இடத்திலிருந்து வடம் பிடித்தவர்கள் ஒருவர்கூடத் தெரியவில்லை. தெரிந்தது, இமைக்காமல் கல்லையே பார்க்கும் மேஸ்திரியின் முகம் மட்டும். அவர் முதுகைப் பன்னிரண்டு பேர் அதேபோல இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நம்பித்தான் நான் கையை உள்ளே நீட்ட வேண்டும். நீட்டினேன். கட்டை உட்கார்ந்தது.

இப்போது எந்த வேலைத்தளத்துக்குப் போனாலும், நான் வாய் திறந்து முதலில் கேட்பது, இங்கே எதைப் பார்த்துக் கையை விடுவீர்கள் என்பதைத்தான். பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் என் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பன்னிரண்டு பேர் கைகளில் என் உயிரும் ஒரு கணம் இருந்திருக்கிறது.