தாணுலிங்கத்தின் வயிற்றில் வந்து முட்டிய மக்ரூன் மெஷின்

மக்ரூனுக்கு மூக்கு வைப்பதில் தாணுலிங்கத்தை மிஞ்சத் தூத்துக்குடியில் ஆள் கிடையாது. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரித் தூளும் சேர்ந்த நுரையைக் காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று தூக்குவார். நுனியில் மூக்கு நிற்கும். வீரபாகு அண்ணாச்சியின் பேக்கரியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் வேலை. அத்தனை மூக்குகளும் சேர்ந்து பழி வாங்கியதுபோல இப்போது வலது மணிக்கட்டு பூரி மாதிரி உப்பிவிட்டது.

“ஏலே தாணு, அடுத்த மாசம் மொதத் திங்கக்கிழமைலேர்ந்து நீ முன்னால நின்னு யாவாரத்தப் பாரு. உள்ள வேற ஆளப் போடுதேன்” என்றுவிட்டார் அண்ணாச்சி.

தாணுலிங்கத்துக்கு மனிதர்களிடம் பேசுவதென்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். போன கிறிஸ்துமஸ் நெரிசலில் கொஞ்ச நேரம் முன்னால் நிறுத்தினார்கள். “கேக் நல்லாருக்குமா?” என்று கேட்ட அம்மாளிடம் வெகுநேரம் யோசித்து, “பரவால்ல” என்றார். அந்த அம்மாள் இன்னும் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

ஆகவே உள்ளேயே இருந்துவிட ஒரு மெஷின் செய்தார். முத்தையாபுரம் காயலான் கடையில் கிடைத்த செத்துப்போன ஜெராக்ஸ் மோட்டார்கள், மேசையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டவாளம், அதன்மேல் ஓடும் பாலம், பாலத்தில் தொங்கும் நுரைக் குழாய். கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்கெல்லாம் குழாய் போய்ப் பிழியும். எல்லாம் செல்போன் வீடியோ பார்த்துச் செய்தது. வீடியோக்காரன் இந்தி பேசினான். தாணுலிங்கம் அவன் கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சோதனை. அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதே கடையில் பெட்டி அடுக்கும் மனைவி பகவதி, பிளக் பக்கத்தில் காவல். நுரை அடித்தாயிற்று. நுரை யாருக்காகவும் காத்திருக்காது, தாமதித்தால் தண்ணீராகிவிடும்.

மெஷினுக்கு விழித்ததும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. ஒவ்வொரு பாதையிலும் ஒரு கோடியில் மட்டும் இருக்கும் சுவிட்சை முட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அதற்கு ஹோமிங் என்று பெயர். தாணுலிங்கம் பட்டனைத் தட்டினார். மேலே போக வேண்டிய குழாய் சரசரவென்று கீழே இறங்கித் தட்டைக் குத்தியது.

“சாமி கும்பிடுது” என்று பிளக்கைப் பிடுங்கினாள் பகவதி.

அந்த மோட்டாரின் ஒயரைக் கழற்றி, திருப்பிச் செருகிவிட்டு மறுபடி தட்டினார். குழாய் மேலே போய் டக். வலது பக்கம் போய் டக். அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து, பாலம் எதிர்க்கோடிச் சுவிட்சுக்குப் போக வேண்டும். அதுவோ நேராகத் தாணுலிங்கத்தை நோக்கி வந்து வயிற்றில் முட்டியது. அவர் பின்வாங்கினார். அதுவும் வந்தது. பின்னால் முந்திரி மூட்டை.

“ஏளா, பிடுங்குளா!”

“இருங்க. அந்த சுவிட்ச ஒங்க சட்டப் பொத்தான்ல மாட்டிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்.”

“அது ஒன்னத்தாம்லே தேடுது” என்றார் அண்ணாச்சி.

ஆற அமரத்தான் பிடுங்கினாள். மூட்டைக்கும் பாலத்துக்கும் நடுவில் நசுங்கி நின்றபடியே தாணுலிங்கத்துக்கு விளங்கியது. கையால் பிழியும்போது தூரத்து வரிசையில் தொடங்கி நெஞ்சை நோக்கி வருவார். அப்போதுதான் சட்டைக் கை மக்ரூனில் படாது. முன்னேறுவது என்றால் அவருக்குத் தன்னிடம் வருவதுதான். மோட்டாரையும் அப்படியே மாட்டிவிட்டார். மெஷின் முன்னேறிப் போய்ச் சுவிட்சைத் தேடியது. அதற்கு வயிறுதான் கிடைத்தது.

இந்த ஒயர் இறுகியிருந்தது. இடது கையால் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. பகவதி கேலியை விட்டுவிட்டு வந்து, அவர் விரல் காட்டிய இடத்தில் ஒயரைத் திருப்பிச் செருகித் தன் விரலால் அழுத்தினாள்.

டக். டக். பாலம் எதிர்க்கோடிக்குப் போய் டக். கொஞ்சம் பின்வாங்கி, வெட்கப்பட்டதுபோல மெல்ல இன்னொரு முறை தொட்டது.

“பிழிய விடட்டா அண்ணாச்சி?”

“பொறுலே. அதத் திருப்பிச் செய்யி.”

செய்தார். பிறகு அண்ணாச்சியே நாற்காலியை இழுத்துப்போட்டுப் பட்டனைக் கைப்பற்றினார். தட்டுவார், டக் கேட்பார், தொடையில் அடித்துச் சிரிப்பார். “நாஞ் சொல்லி ஒருத்தனாது இப்பிடிப் போயி நின்னுருக்கானா!”

“அண்ணாச்சி, நுர செத்துட்டு” என்றாள் பகவதி.

“சாவட்டும். ஏலே, வேற முட்ட ஒட. மூக்கப் பாக்காம நான் வீட்டுக்குப் போவல.”

“திங்கக்கிழம நான் முன்னால…” என்று இழுத்தார் தாணுலிங்கம்.

“அங்கன ஒனக்கு என்னலே சோலி? இத யாரு மேய்க்க?”

தாணுலிங்கம் இடது கையால் முட்டை உடைத்தார். பாதி ஓடு உள்ளே விழுந்தது. பகவதி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.