புது மணியா, பழைய மணியா?

இதைக் கட்டுக்கதை என்று நினைத்தால் இங்கேயே மடித்து வைத்துவிடுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. நவநீதன் பேய் என்றாலே வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். அவனே இப்போது மொரப்பூர்ப் பக்கம் ரயில் போனால் ஜன்னலை இழுத்து மூடிக்கொள்கிறான்.

அவனுக்கு ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை. அது போதாதென்று சம்பளமில்லாத வேலை ஒன்றையும் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். எந்த நாட்டில் எந்த வருடம் கடிகாரத்தை மாற்றினார்கள் என்று உலகம் முழுக்கச் சிலர் சேர்ந்து பதிவு வைத்திருக்கிறார்கள். அதைச் சரிபார்க்கிற வேலை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 செப்டம்பரிலிருந்து மூன்று வருடம், இந்தியா முழுக்க மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது சர்க்கார். யுத்தம் முடிந்ததும் திருப்பிவிட்டார்கள். கிராமங்களில் அதை யாராவது மதித்தார்களா என்று கேட்டறியத்தான் போன பங்குனியில் அந்த ஊருக்குப் போனான். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

காளியப்பனுக்கு எண்பத்திரண்டு வயது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். ஊரில் இருந்த ஒரே கடிகாரம் மணியக்காரர் வீட்டில். முள்ளைத் தள்ளினால் ராகுகாலம் கெட்டுப்போகும் என்று அவர் அதைத் தொடவே விடவில்லை. ஊர் பழைய மணியில் நடந்தது, ரயில் புது மணியில் ஓடியது. காளியப்பனின் அப்பா பட்டாளத்தில் இருந்தார், பிறந்த பிள்ளையைப் பார்த்ததில்லை. சண்டைக்குப் போகிற வண்டி சாயந்திரம் ஐந்து மணிக்கு நம் ஸ்டேஷனில் ஒரு நிமிடம் நிற்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அம்மா செல்லம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்டி, மையிட்டு, மணியக்காரர் வீட்டில் மணி கேட்டுக்கொண்டு, நாலரைக்கே போய் நின்றாள்.

வண்டி போய் அரைமணி ஆகியிருந்தது.

அப்பா திரும்பி வரவேயில்லை. அம்மா அதற்கப்புறம் தினமும் ஸ்டேஷனுக்குப் போய், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மணி கேட்டாளாம். ஐந்து வருடத்தில் அவளும் போய்விட்டாள்.

"எங்கப்பன் என் மொகத்தப் பாக்கலீங்க," என்றார் காளியப்பன். "சாவறதுக்குள்ள ஒருக்கா காட்டிப்புடணும்னு எங்காத்தா கெடந்து துடிச்சா. அந்த ஒரு மணி நேரம் நெசமா இருந்துச்சுன்னு எழுதிக்குங்க."

நவநீதன் அதை அப்படியே எழுதிக்கொண்டான். சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

ஸ்டேஷனில் ஒரு ஈ காக்கை இல்லை. பாசஞ்சர் வர நேரமிருந்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். நல்ல வெயில். பக்கத்தில் படுத்திருந்த நாய் திடீரென்று எழுந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

"மணி என்னங்க?"

இருபது வயதுப் பெண். செம்மண் பாதையில் வந்தவள் காலில் துளிப் புழுதி இல்லை. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் கறுப்பாக மை.

போனைப் பார்த்தான். "மூணு அம்பதும்மா."

"புது மணியா, பழைய மணியா?"

கேட்கிறவள் யாரென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பயத்தைவிடப் பாவமாக இருந்தது, ஐயோ, எத்தனை வருடமாகக் கேட்கிறாளோ என்று. கணக்குப் போட்டான். இப்போது நாம் வைத்திருப்பது அந்தப் பழைய மணிதானே...

"இது பழைய மணிம்மா. புது மணிக்கு நாலு அம்பது. வண்டிக்கு இன்னும் பத்து நிமிசந்தான் இருக்குது."

அவள் முகம் மலர்ந்தது.

"அப்பப் புள்ளயத் தூக்கியாந்தர்றனுங்க."

ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தாள்.

பிள்ளையா... எந்தப் பிள்ளை?

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து ஓடினான். பாதையில் யாரும் இல்லை. காளியப்பனின் மருமகள் கோகிலவாணிக்குப் போன் போட்டான். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

சரியாக நாலு மணி.

கூ... வென்று ஒரு ஊதல். பிரேக் பிடிக்கிற கிறீச்... நிறைய ஆம்பிளைக் குரல்கள்.

தண்டவாளம் காலியாகக் கிடந்தது.

ஒரு நிமிடம். பிறகு சத்தம் நகர்ந்து நகர்ந்து ஓய்ந்தது.

போன் வந்தது. கோகிலவாணிதான். "மாமா போயிட்டாருங்க... நல்லாத்தான் படுத்திருந்தாரு."

நவநீதன் திரும்பி ஓடினான். கட்டிலைச் சுற்றி அக்கம்பக்கத்தார் நின்றார்கள். கோகிலவாணி அழுகையை அடக்கிக்கொண்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாமா கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டு, தூக்கச் சொல்கிற பிள்ளை போல இரண்டு கையையும் நீட்டினார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க பேசிட்டிருந்தப்ப அவரு கன்னத்துல அது இருந்துச்சுங்களா?"

குனிந்து பார்த்தான். சுருக்கம் விழுந்த இடது கன்னத்தில், கைக்குழந்தைக்கு வைக்கிற திருஷ்டிப் பொட்டு.

"எங்க வூட்ல மையே கெடையாதுங்க," என்றாள் அவள்.

பொட்டு இன்னும் காயவில்லை.